முதல் ஃபிலிம் கேமரா: எந்த மவுண்ட், எந்த லென்ஸ்?

மாசிவீதி (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். இப்ப கையில இருக்கிறது கேனான் 200டி, அதோட வந்த 18-55, அப்புறம் தனியா வாங்கின 50 எம்எம் 1.8 எஸ்டிஎம். இந்த 50 வந்த பிறகு முகம் எடுக்க வேற லென்ஸைத் தொடுறதே இல்ல. 35 எம்எம் ஃபிலிமுக்கு வரணும்னு முடிவு பண்ணிட்டேன். எந்தக் கேமராங்கிறதுதான் இன்னும் முடிவாகல.

எடுக்கிறது பெரும்பாலும் தெருவும் மனுஷங்களும். மாசி வீதிகள், பூ மார்க்கெட், சித்திரைத் திருவிழாக் கூட்டம், அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு விடியக்காலை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள கேமரா கொண்டுபோக விடமாட்டாங்க, அதனால எல்லாமே வெளியிலதான். முக்கால்வாசி கறுப்பு வெள்ளை. கலர் எப்பவாவது.

பாடி, ஒரு லென்ஸ், ஒரு சர்வீஸ், மூணும் சேர்ந்து 25,000 ரூபாய்க்குள்ள முடியணும். அதுக்கு மேல போனா ரோல் வாங்கக் காசு இருக்காது.

கண்ணுல பட்டது கேனான் ஏஇ-1, பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2. இதுகளைப் பத்திப் பார்த்த வீடியோ எல்லாம் பாடியோட அழகைத்தான் பேசுது. எனக்குத் தெரிய வேண்டியது வேற. பத்து வருஷம் கழிச்சும் ஓடுமா? கெட்டுப்போனா இங்க யாராவது பார்ப்பாங்களா? வாங்குற லென்ஸ் என்னோட டிஜிட்டல்லயும் பயன்படுமா?

வெள்ளித்துகள் (கோவை)

மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு நான்காவதாக ஒன்றைப் பாருங்கள். கேனானின் இஓஎஸ் வரிசை ஃபிலிம் பாடி.

கேனான் ஈஎஃப் மவுண்ட்டை (லென்ஸைப் பாடியில் பூட்டும் அமைப்பு) கொண்டுவந்தது 1987-இல். உங்களிடம் இருக்கும் 50 எஸ்டிஎம் வந்தது 2015-இல். இரண்டுக்கும் நடுவில் இத்தனை வருடம் போன பிறகும், அன்று வெளிவந்த முதல் பாடியான இஓஎஸ் 650-இல் இந்த லென்ஸை மாட்டினால் ஆட்டோஃபோகஸ் உட்பட எல்லாம் வேலை செய்யும். அதாவது உங்களுக்கு லென்ஸ் செலவே இல்லை, பாடி மட்டும் போதும். அந்தப் பாடிகளை இன்று யாரும் பெரிதாகத் தேடுவதில்லை. அதனால் இஓஎஸ் 300, இஓஎஸ் 50, இஓஎஸ் 30 எல்லாம் எஃப்எம்2 விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கின்றன. மிச்சப் பணத்துக்கு ரோல் வாங்கலாம்.

என் தேர்வு இஓஎஸ் 30. ஷட்டர் 1/4000 வரை போகும், வெளிச்சம் அளக்கும் மீட்டர் நம்பகமானது, சத்தம் குறைவு. இஓஎஸ் 300 இன்னும் மலிவு, ஆனால் மவுண்ட் பிளாஸ்டிக். அதில் ஒரு வசதி உண்டு. ரோலைப் போட்டதும் முழுவதையும் ஒருமுறை வெளியே சுற்றிவிட்டு, படம் எடுக்க எடுக்க டப்பாவுக்குள் இழுத்துக்கொள்ளும். தவறிப் பின்கதவு திறந்தாலும் எடுத்த படங்கள் உள்ளே பத்திரமாக இருக்கும்.

18-55 மட்டும் இதில் போகாது. அது ஈஎஃப்-எஸ் லென்ஸ், சின்ன சென்சாருக்காகச் செய்தது. ஃபிலிம் பாடியில் மாட்டவே முடியாது.

இன்னொன்று. 200டி-யில் உங்கள் 50 காட்டுவது ஃபிலிமில் 80 காட்டும் அளவைத்தான், 1.6 மடங்கு. உங்களுக்குப் பிடித்துப்போனது உண்மையில் 80-இன் பார்வை. அதே லென்ஸை ஃபிலிமில் மாட்டியதும் எதிரில் இருப்பவர் தூரமாகத் தள்ளி நிற்பதுபோல் தெரியும். எந்த சிஸ்டம் வாங்கினாலும் இதை மனதில் வைத்துத்தான் லென்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழையபாடி (சென்னை)

தம்பி, நான் ரிப்பேர் பக்கத்துல இருந்து பேசுறேன். கேமராவை வாங்கும்போது எல்லாரும் முன்பக்கத்தைப் பார்க்கிறாங்க. நான் உள்ள பார்க்கிறவன். அதனால என் கணக்கு வேற மாதிரி இருக்கும்.

ஏஇ-1 வந்தது 1976. பேட்டரி இல்லைன்னா ஷட்டர் விழாது, அந்த 6 வோல்ட் பேட்டரி இன்னிக்கும் கிடைக்குது. பொதுவா வர்ற கோளாறு, படம் எடுக்கும்போது கேமரா இருமுற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். உள்ள கண்ணாடியை இயக்குற பல்சக்கரத்துல எண்ணெய் காஞ்சுபோயிருக்கும். சரியான இடத்துல ஒரு துளி விட்டா சரியாயிடும். ஆனா அதோட எலக்ட்ரானிக் போர்டு போச்சுன்னா புதுசு எங்கயும் கிடையாது. செத்த இன்னொரு ஏஇ-1 வாங்கி அதுல இருந்து எடுத்துப் போடணும்.

கே1000 நல்ல கேமரா. 1976-ல இருந்து 1997 வரைக்கும் செஞ்சிருக்காங்கன்னா பார்த்துக்குங்க. முழுக்க மெக்கானிக்கல், உள்ள வேலை செய்யச் சுலபம். மீட்டருக்கு சுவிட்ச் கிடையாது, வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா பேட்டரி தீர்ந்துக்கிட்டே இருக்கும். லென்ஸ் மூடி போட்டு வைக்கிற பழக்கம் வேணும். படிக்கிற பசங்க கேமரான்னு பேரு எடுத்து இப்ப அந்தப் பேருக்கே விலை ஏறிப்போச்சு.

எஃப்எம்2 பத்தி நான் சொல்ல என்ன இருக்கு. 1982-ல வந்தது, 1/4000 ஷட்டர், பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். ஆனா நல்ல கண்டிஷன்ல லென்ஸோட எடுத்தா உங்க 25,000 அதுலயே முடிஞ்சிடும், சர்வீஸுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

நீங்க லிஸ்ட்ல வைக்காத ஒண்ணு, அதோட அண்ணன் எஃப்எம். 1977-ல வந்தது. அதே கட்டு, அதே கனம், மெக்கானிக்கல் ஷட்டர். 1/1000 வரைக்கும்தான் போகும். மீட்டர் மூணு சின்ன சிவப்பு விளக்கு: கூட்டல், நடுவுல வட்டம், கழித்தல். வைண்டு லீவரைக் கொஞ்சம் வெளிய இழுத்தா மீட்டர் எரியும், உள்ள தள்ளினா அணைஞ்சிடும். ரெண்டு எல்ஆர்44 பேட்டரி, எந்த வாட்ச் கடையிலயும் கிடைக்கும். ஷட்டர் ஸ்பீடு மெதுவாயிடுச்சுன்னா கழட்டி, சுத்தம் பண்ணி, எண்ணெய் விட்டுத் திருப்பித் தரலாம். திருப்பித் தரலாம்னு நான் தைரியமா சொல்ற பாடி ரொம்பக் கொஞ்சம்.

நிக்கான்லயே எஃப்ஈ-ன்னு ஒண்ணு இருக்கு, 1978-ல வந்தது. அதுல மீட்டர் முள்ளு, ரொம்ப அழகா இருக்கும், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) வெச்சா ஸ்பீடை அதுவே போட்டுக்கும். ஷட்டர் எலக்ட்ரானிக்ஸ். பேட்டரி போனா 1/90 ஒண்ணுதான், அப்புறம் பி, அதாவது பொத்தானை அழுத்திப் பிடிக்கிற வரைக்கும் ஷட்டர் திறந்திருக்கிறது. கூட்டத்துல வேகமா எடுக்கிறவங்களுக்கு இதுதான் சௌகரியம்.

வெள்ளித்துகள் சொன்ன இஓஎஸ்ல படம் அருமையா வரும், அதுல சண்டை இல்ல. ஆனா அது கெட்டுப்போனா நான் கையை விரிக்கத்தான் வேணும். இன்னொண்ணு வாங்கிக்கச் சொல்லுவேன், அதுவும் மலிவுதான். பத்து வருஷம்னு தம்பி கேட்டதால சொல்றேன்.

சுண்ணாம்புக்கல் (அரியலூர்)

கே1000-ஐ ஒரே வரியில் ஒதுக்கிவிடாதீர்கள். பென்டாக்ஸ் மவுண்ட்டில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. பழைய எம்42 திருகு லென்ஸ்களை ஒரு வளையம் போட்டு அப்படியே மாட்டலாம், தூரத்து ஃபோகஸ் கெடாது. டக்குமார், ஹீலியோஸ் போன்ற பழைய லென்ஸ்களுக்கும் வழி திறக்கும். டக்குமார் 55 எம்எம் 1.8 விலைக்கு வேறு எங்கும் அந்த மாதிரி லென்ஸ் கிடைக்காது.

கொழும்புத்துறை (ரொறன்ரோ)

நான் இஞ்ச ரொறன்ரோவில இருக்கிறன். மினோல்ட்டாவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை எண்டதால எழுதுறன்.

வட அமெரிக்காவில ஒரு காலத்தில வீட்டுக்கு வீடு மினோல்ட்டா இருந்தது. 1966-இல வந்த எஸ்ஆர்டி 101, 1981-இல வந்த எக்ஸ்-700, ரெண்டும் இப்பவும் பழைய சாமான் விக்கிற இடங்களில கிடைக்குது. 1985-இல மினோல்ட்டா ஓட்டோஃபோகஸுக்கு மாறேக்க மவுண்ட்டையே மாத்திப்போட்டினம். கேனானும் ரெண்டு வருசம் கழிச்சு தன்ர பழைய எஃப்டி மவுண்ட்டைக் கைவிட்டது. அதாலதான் மினோல்ட்டாவின்ர ரொக்கோர் லென்ஸும் எஃப்டி லென்ஸும் கனகாலம் கேட்பாரில்லாமல் கிடந்தது. நல்ல கண்ணாடி, குறைஞ்ச விலை. பழைய லென்ஸையும் மாட்டக்கூடிய மிரர்லெஸ் டிஜிட்டல் கமெரா வந்தாப் பிறகு விலை கொஞ்சம் ஏறினது உண்மை, எண்டாலும் இப்பவும் அதே தரத்து நிக்கோரோட (நிக்கான்ர லென்ஸ்) ஒப்பிட்டா மலிவுதான்.

என்ர கையில இருக்கிறது எஸ்ஆர்டியும் ரொக்கோர் 50 எம்எம் 1.7-உம். பனிக்குள்ளயும் வேலை செய்யுது. அந்த மொடலுக்குப் பாதரச பேட்டரி வேணும், 1.35 வோல்ட், அது இப்ப எங்கயும் விக்கிறேல்லை. காது கேக்கிற கருவிக்குப் போடுற 675 சிங்க்-எயார் பேட்டரியை ஒரு சின்ன வளையத்துக்குள்ள வைச்சுப் போடுறன். மீட்டர் சரியாக் காட்டுது. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டா அளவு பிழைக்கும், வெளிச்சத்தைக் கூட்டிச் சொல்லும்.

எக்ஸ்-700 வாங்கினால் கப்பாசிற்றர் ரெண்டையும் மாத்திப் போட்டதோ எண்டு கேளுங்கோ. அந்த மொடலில அதுதான் முதலில போறது.

தம்பிக்கு வேணுமெண்டால் ஊருக்கு வாற ஆக்கள் மூலம் அனுப்பிவிடலாம்.

மாசிவீதி

எல்லாருக்கும் நன்றி. மினோல்ட்டா அண்ணனோட அன்புக்குத் தனியா நன்றி. இதுல எந்த லென்ஸை வாங்கினா என்னோட 200டி-லயும் மாட்டலாம்? அது தெரிஞ்சா பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

வெள்ளித்துகள்

இதற்கு விருப்பு வெறுப்பு இல்லாமல் அளவை வைத்தே பதில் சொல்லலாம்.

லென்ஸின் மவுண்ட் விளிம்பிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரைக்கும் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு நிலையான தூரம் உண்டு. நிக்கான் எஃப் 46.5 மில்லிமீட்டர். ஒலிம்பஸ் ஓஎம் 46. எம்42, பென்டாக்ஸ் கே இரண்டுக்கும் 45.46. உங்கள் கேனான் ஈஎஃப் 44. மினோல்ட்டா 43.5. பழைய கேனான் எஃப்டி 42.

நீளமான தூரத்துக்காகச் செய்த லென்ஸைக் குட்டையான தூரம் கொண்ட பாடியில் மாட்டினால், இடையில் மிஞ்சும் இடைவெளியை ஒரு உலோக வளையம் நிரப்பிவிடும். நிக்கோர் லென்ஸை உங்கள் 200டி-யில் மாட்ட இரண்டரை மில்லிமீட்டர் வளையம் போதும், அதற்குள் கண்ணாடி எதுவும் இல்லை. எம்42, ஒலிம்பஸ் லென்ஸுக்கும் இதே வழிதான்.

எஃப்டி-யும் மினோல்ட்டாவும் எதிர்ப்பக்கம். 44-ஐ விடக் குறைவு. வெறும் வளையம் போட்டால் பக்கத்தில் இருப்பது மட்டும் ஃபோகஸ் ஆகும், தெருக்கோடி ஆகாது. அதைச் சரிக்கட்ட வளையத்துக்குள் ஒரு கூடுதல் கண்ணாடி வேண்டும், அது படத்தின் கூர்மையைக் கெடுக்கும். ஏஇ-1-உம் உங்கள் 200டி-யும் ஒரே கம்பெனிதான், ஆனாலும் அதன் லென்ஸ் இதில் சேராது. நிக்கான் லென்ஸ் சேரும்.

திருப்பிப் பார்த்தால், உங்கள் ஈஎஃப் 50-ஐ எந்தப் பழைய மெக்கானிக்கல் பாடியிலும் மாட்ட முடியாது. அதன் அப்பர்ச்சர் மின்சாரத்தில் இயங்குகிறது, திருக வளையமே கிடையாது.

200டி-யில் நிக்கோர் மாட்டினால் ஃபோகஸ் கையால்தான். அப்பர்ச்சரை லென்ஸில் திருகியதும் வ்யூஃபைண்டர் இருட்டும், ஏவி மோடில் வைத்தால் மீட்டர் ஸ்பீடைத் தானே போட்டுக்கொள்ளும். நான் இஓஎஸ் கட்சிதான். ஆனாலும் நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்கு நிக்கான் எஃப் மவுண்ட் நேர்மையான பதில்.

பொருநைக்கரை (திருநெல்வேலி)

தம்பி, பாடி பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் நம்ம ஊர் வெயிலைப் பத்திச் சொல்றேன். நெல்லையப்பர் தேர்லயும் தாமிரபரணிக் கரையிலயும் ஃபிலிம்ல எடுக்கிறவ நான்.

உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ 400 ரோல் போட்டா எஃப்/16-ல 1/500 வரும். அப்பர்ச்சரைத் திறக்கத் திறக்க எஃப்/11-ல 1/1000, எஃப்/8-ல 1/2000, எஃப்/5.6-ல 1/4000. கே1000, ஏஇ-1, எக்ஸ்-700, எஃப்எம், எஃப்ஈ எல்லாமே 1/1000-ல நின்னுடும். அதாவது காலை ஒன்பது மணிக்கு மேல, நீங்க ஆசைப்பட்டு வாங்கின 1.8 லென்ஸ் எஃப்/11-ல அடைஞ்சு கிடக்கும். பின்னாடி இருக்கிற போஸ்டர், வயர், பைக் எல்லாம் முகத்துக்குச் சமமா கூர்மையா விழும். எஃப்எம்2-க்கு விலை ஏன் கூடுதல்னா இந்த ரெண்டு ஸ்டாப்பும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியோ ரெட்டிப்போ ஆகுறது) ஒரு காரணம்.

அதுக்காக எஃப்எம்2-தான் வாங்கணும்னு இல்ல. பகல்ல ஐஎஸ்ஓ 100 ரோல் போடுங்க, ரெண்டு ஸ்டாப் அதுலயே கிடைச்சிடும். கறுப்பு வெள்ளைங்கிறதால மஞ்சள் ஃபில்டர் ஒண்ணு போடுங்க. அது ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைக் குடிச்சிடும், வானமும் வெளுத்துப்போகாம கொஞ்சம் கறுத்து மேகம் எழும்பி நிக்கும். ஆரஞ்சு போட்டா ரெண்டு ஸ்டாப். நிக்கான்ல இன்னொரு சௌகரியம், 24, 28, 35, 50, 105 எம்எம் 2.5, வழக்கமா நாம வாங்குற பழைய நிக்கோர் எல்லாத்துக்கும் வாய் 52 எம்எம்தான். ஒரே ஃபில்டர் எல்லாத்துலயும் திருகிக்கும். அன்றாடம் கையில வெச்சு எடுக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

அழகர் ஆத்துல இறங்குறது விடியக்காலை. அப்ப இதுக்கு நேர் எதிர். ஐஎஸ்ஓ 400-ஐ 1600-க்குத் தள்ளி எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டணும். அங்கதான் எஃப்/2 லென்ஸ் வேணும்.

இனி லென்ஸ். எது வேணும்னு மத்தவங்களைக் கேக்காதீங்க, உங்ககிட்ட இருக்கிற 18-55-ஐயே கேளுங்க. வளையத்தை 18-ல வெச்சா ஃபிலிம்ல 28 மாதிரி தெரியும். 22-ல வெச்சா 35. 30 பக்கத்துல வெச்சா 50. கடைசியில 55-ல வெச்சா 85-க்குக் கிட்ட. ஒரு பேப்பர் டேப் ஒட்டி வளையம் நகராம வெச்சு, ஒரு நாள் முழுக்க ஒரே எண்ணுல எடுங்க. அடுத்த தடவை அடுத்த எண். படம் நல்லா இருக்காங்கிறதை விட, எப்பல்லாம் டேப்பைப் பிச்சுடலாமான்னு கை துறுதுறுத்துச்சோ அதைக் குறிச்சு வையுங்க. அதுக்கப்புறம் காசை எடுங்க.

ரோல் விலை கூடிப்போன இந்தக் காலத்துல இதை டிஜிட்டல்லயே சோதிச்சுக்கிறதுதான் புத்தி. ஊட்டி இந்து நகர்ல இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஓடின காலத்துல கறுப்பு வெள்ளை ரோல் நம்ம மலையில இருந்தே வந்துச்சு. இன்னிக்கு எல்லாம் இறக்குமதி. ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் பண்ணினா ஆயிரத்தைத் தாண்டுது.

சுண்ணாம்புக்கல்

டேப் யோசனை பிரமாதம் அக்கா. என் லென்ஸிலும் இன்றே ஒட்டுகிறேன்.

மாசிவீதி

பொருநைக்கரை அக்கா சொன்ன மாதிரியே டேப் ஒட்டி எடுத்துப் பார்த்தேன். முடிவைச் சொல்லிடுறேன்.

18-ல பூ மார்க்கெட்டுக்குள்ள நல்லா இருந்துச்சு, ஆனா மாசி வீதில எல்லாரும் எறும்பு மாதிரி ஆயிட்டாங்க. 22-ல கை துறுதுறுக்கவே இல்ல. டீக்கடை வாசல்ல நின்னா கடையும் வருது, ஆளும் வர்றாங்க, பெஞ்சுல இருக்கிறவர் கையில இருக்கிற கிளாஸும் தெரியுது. 30-ல எந்தப் படமும் மோசம் இல்ல, எதுவும் மனசுல நிக்கவும் இல்ல. முகத்துக்கு 55-தான். ஆக எனக்கு வேண்டியது ஃபிலிம்ல 35, அப்புறம் எப்பவாவது ஒரு 85.

இன்னொரு செய்தி. எங்க ஏரியாவுல ஒரு கல்யாண ஸ்டுடியோவை மூடுறாங்க. அவங்ககிட்ட ஒரு எஃப்எம், 50 எம்எம் எஃப்/2 லென்ஸோட இருக்கு. 11,000 கேக்குறாங்க. கூடவே இன்னொரு 35 எம்எம் 2.8 லென்ஸ், ரொம்பப் பழசு, தனியா 3,000. பழையபாடி அண்ணே, போய்ப் பார்க்கும்போது என்ன பார்க்கணும்?

பழையபாடி

நல்ல சேதி தம்பி. கையில ஒரு டார்ச், ரெண்டு புது எல்ஆர்44, உங்க 200டி, இதை எடுத்துட்டுப் போங்க.

முதல்ல பேட்டரி மூடியை ஒரு காசால திருகித் திறங்க. உள்ள பச்சையா வெள்ளையா பூத்திருந்தா பேட்டரி ஒழுகியிருக்கு, வயருக்குள்ளயும் போயிருக்கலாம். சுத்தமா இருந்தா புது பேட்டரி போட்டு லீவரை வெளிய இழுங்க, விளக்கு எரியணும். ஒரு சுவரைப் பார்த்து அதே ஐஎஸ்ஓ, அதே அப்பர்ச்சர் ரெண்டு கேமராவுலயும் வெச்சு 200டி சொல்ற ஸ்பீடோட ஒப்பிட்டுப் பாருங்க. அரை ஸ்டாப் முன்ன பின்ன இருந்தா பரவாயில்ல, ஃபிலிம் தாங்கும்.

அப்புறம் பின்கதவைத் திறங்க. ஷட்டர் தகட்டை விரலால தொட்டுடாதீங்க, ரொம்ப மெல்லிசு. லென்ஸைக் கழட்டிட்டு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து 1/1000-ல அடிங்க. ஒரு கணம் முழுச் சதுரமும் வெளிச்சமா மின்னணும். மேலயோ கீழயோ ஒரு ஓரம் கறுப்பாவே இருந்தா திரை ரெண்டும் சரியா ஓடல, சர்வீஸ் வேணும். அடுத்து 1 செகண்டுல அடிச்சுக் காது கொடுத்துக் கேளுங்க, ஒரே சீரா ஓடி முடியணும். நடுவுல திக்கினா உள்ள எண்ணெய் காஞ்சிருக்கு. அது சர்வீஸ்ல சரியாகிற விஷயம், விலையில குறைச்சுக் கேக்கலாம்.

கதவு ஓரத்துல இருக்கிற கறுப்பு ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்க. தார் மாதிரி விரல்ல ஒட்டும். எல்லாப் பழைய கேமராவுலயும் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். நான் மாத்திக் கொடுத்துடுறேன்.

லென்ஸுக்கு டார்ச். பின்பக்கமிருந்து அடிச்சு, முன்பக்கத்துல நேரா பார்க்காம சாய்ச்சுப் பாருங்க. தூசி இருந்தா இருக்கட்டும். சிலந்தி வலை மாதிரி இழை இழையா ஓரத்துல இருந்து உள்ள பரவியிருந்தா அது பூஞ்சை. மதுரையை விட சென்னையில அதிகம், ஆனாலும் எங்கயும் வரும். கொஞ்சமா இருந்தா துடைச்சுடலாம், கோட்டிங்கைத் தின்னிருந்தா அந்தத் தழும்பு போகாது. அப்பர்ச்சரை எஃப்/16-ல வெச்சு, பின்னாடி இருக்கிற சின்ன நெம்பை விரலால தள்ளி விடுங்க. இதழ்கள் பட்டுனு மூடணும். சோம்பலா மூடினா எண்ணெய் இறங்கியிருக்கு.

இப்ப முக்கியமானது, அந்தப் பழைய 35. 1977-க்கு முந்தின நிக்கோரா இருந்தா ஏஐ மாடல் (லென்ஸ்ல வெச்ச அப்பர்ச்சரைப் பாடியோட மீட்டருக்குத் தானா சொல்ற வகை) இல்லாம இருக்கலாம். கண்டுபிடிக்க வழி, லென்ஸ்ல அப்பர்ச்சர் எண் ரெண்டு வரிசையா இருக்கான்னு பாருங்க. பெரிய எண் ஒரு வரிசை, அதுக்குக் கீழ பாடி ஓரமா அதே எண் பொடியா இன்னொரு வரிசை. ரெண்டு வரிசை இருந்தா ஏஐ. ஒரே வரிசைன்னா பழைய மாடல். ஸ்டுடியோக்காரங்க தெரிஞ்ச ஆளை வெச்சு மாத்தி அமைச்சிருந்தாலும் இருக்கும்.

பழைய மாடலை எஃப்எம்2-ல திருகினா மவுண்ட் ஓரத்துல இருக்கிற நெம்பை உடைச்சுடும். உங்களுக்கு அதிர்ஷ்டம், எஃப்எம்-லயும் எஃப்ஈ-லயும் அந்த நெம்பை மேல மடிச்சு விட ஒரு சின்னப் பொத்தான் வெச்சிருக்கான். மடிச்சுட்டு மாட்டினா ஒண்ணும் ஆகாது. மீட்டர் பார்க்கும்போது மட்டும் அப்பர்ச்சரை உண்மையா மூடிப் பார்க்கணும், வ்யூஃபைண்டர் இருட்டும். தெருவுல எஃப்/8-ல வெச்சே எடுக்கிறவருக்கு அது பெரிய தொந்தரவு இல்ல.

வெள்ளித்துகள்

ஒரு சேர்க்கை. பின்னாளில் கடையில் ஜி என்று முடியும் நிக்கோர் மலிவாகக் கிடைத்தால் எஃப்எம்-க்கு வாங்கிவிடாதீர்கள். அவற்றில் அப்பர்ச்சர் வளையம் இல்லை, எப்போதும் முழுக்க மூடியே நிற்கும். ஈ என்று குறித்த புது வரிசை இதற்கு நேர்மாறு, மூடவே மூடாது. இதைப் பழைய சீரீஸ் ஈ லென்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சீரீஸ் ஈ-யில் வளையம் உண்டு, எஃப்எம்-இல் முழுதாக வேலை செய்யும். டி வரிசையிலும் வளையம் இருக்கிறது, தாராளமாக வாங்கலாம்.

மாசிவீதி

போய்ப் பார்த்து வாங்கிட்டேன். பேட்டரி அறை சுத்தம். மீட்டர் 200டி-யோட ஒத்துப்போகுது. 1/1000-ல முழுச் சதுரமும் மின்னுது. 1 செகண்டு மட்டும் முதல் ரெண்டு தடவை திக்கிட்டு அப்புறம் ஓடுது. அதைக் காட்டினதும் விலையைக் குறைச்சுக் கொடுத்தாங்க. 35-ல எண் ஒரே வரிசைதான், நீங்க சொன்ன பழைய மாடல். ஓரத்துல நூல் மாதிரி கொஞ்சம் பூஞ்சை, நடுவுல சுத்தம். ரெண்டு லென்ஸும் சேர்த்து 12,500. மஞ்சள் ஃபில்டர் ஒண்ணு 52 எம்எம்ல ஆர்டர் போட்டுட்டேன், 50-லயும் 35-லயும் ஒண்ணே திருகிக்கும்.

அண்ணே, இந்தப் பூஞ்சையோட அந்த 35-ஐ மத்த லென்ஸ் பக்கத்துல வைக்கலாமா? சர்வீஸுக்கு எப்ப அனுப்பட்டும்?

பழையபாடி

சுத்தம் பண்ற வரைக்கும் தனி டப்பாவுல வையுங்க. காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலஞ்சு, கூட ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40-ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள இருக்கணும். நீல மணி ரோஸ் கலருக்கு மாறினா வாணலியில லேசா சூடு காட்டித் திருப்பிப் போடுங்க. அந்த ஸ்டுடியோ தோல் உறை கொடுத்திருந்தா அதுல மட்டும் வைக்காதீங்க, பூஞ்சை வளர அதை விட நல்ல இடம் கிடையாது.

ரோல் எதுவும் உள்ள போடாம பாடியையும் 35-ஐயும் சேர்த்து அனுப்புங்க. 50-ஐ உங்ககிட்டயே வெச்சுக்கிட்டு 200டி-யில ஒரு வளையம் போட்டு கையால ஃபோகஸ் பண்ணிப் பழகுங்க. சித்திரைக்கு முன்னாடி வந்து சேர்ந்துடும்.

கொழும்புத்துறை

நல்லது தம்பி. முதல் ரோல் கழுவினதும் இஞ்ச போடுங்கோ, பாப்பம். பிளேன்ல கொண்டு போறதெண்டால் ரோலைக் கைப்பையில வைச்சு, மெசினுக்குள்ள விடாமல் கையால பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. இப்ப வாற சி.ரி. ஸ்கானர் கழுவாத ஃபிலிமை ஒரே தரத்தில பழுதாக்கிப்போடும்.